முப்பத்தாறாவது பிரேம்

கண்டென்சரா, கலர் ஹெட்டா, சொல்லுங்க மேடம், என்று நாலாவது தடவையாகக் கேட்கிறார் குலோத்துங்கன். கேட்டுவிட்டு, பெண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை கொண்டுவந்து நிறுத்திய தரகர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெரம்பூரில் தன் வீட்டுப் பின்னறையில், நெகட்டிவைப் பெரிசாக்கிப் பிரிண்ட் போடுகிற பழைய என்லார்ஜர்களைச் சரிபண்ணி விற்கிற மனுஷன். போனில் பேசினபோது, நெகட்டிவைக் கையோட கொண்டு வாங்க மேடம், ரெண்டுலயும் போட்டுப் பாத்துட்டு எது பிடிக்குதோ அதை எடுத்துக்குங்க என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் விடிகாலை ரயிலேறித் திருச்சியிலிருந்து வந்து, மணி பதினொன்றுக்கு இந்த மேஜை முன்னால் நிற்கிறேன். இடது பக்கம் இருக்கிறது கண்டென்சர். தலைக்குள் பல்பு, அதன் கீழே ரெண்டு தடித்த லென்ஸ், வெளிச்சத்தைக் குவித்து நெகட்டிவ் மேல் நேராக இறக்கும். தாட்சண்யமே கிடையாது. தூசி, கீறல், விரல் ரேகை, எல்லாத்தையும் பேப்பரில் கொண்டுவந்து போட்டுவிடும். வலது பக்கம் கலர் ஹெட். அதில் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் முட்டி மோதிக் கலந்து மெத்தென்று இறங்கும், பல குற்றங்களைக் கண்டுக்காமல் விட்டுவிடும். பில்டர் மாத்துகிற வேலையும் இல்லை, திருகினால் ஆச்சு. மஞ்சளைக் கூட்டினால் அதே பேப்பர் சாதுவாகிவிடும், மெஜந்தாவைக் கூட்டினால் கறாராகிவிடும், கருப்பு கருப்பு, வெள்ளை வெள்ளை என்று. எனக்கே பாடம் நடத்துகிறார் பாருங்கள், பன்னிரண்டு வருஷம் இந்தப் பேப்பரைத் தண்ணியில் அலசி அலசி நகமெல்லாம் பழுத்துப் போனவளுக்கு. ஆனால் நல்லவர்தான். டியூப்லைட் இவர் மூக்குக் கண்ணாடியில் பட்டுப் பளிச்சென்று அடிக்கிறது, கண்ணே தெரியவில்லை. கண்ணாடியைக் கழட்டுங்க, தலையை நிமிர்த்துங்க என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. எதிரே நிற்கிறவர் யாராக இருந்தாலும் எனக்கு அதுதான் வரும், பிஷப்பிடமே சொல்லியிருக்கிறேன். நெகட்டிவைப் பாத்துட்டுச் சொல்றேன் சார், என்கிறேன். தாராளமா, அவசரம் என்ன, என்று லென்ஸைத் துடைக்க ஆரம்பிக்கிறார்.

அவசரம் என்ன. ரெண்டு வருஷம் அவசரப்படாமல்தானே இருந்தேன். நெகட்டிவ் என் கைப்பையில் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது, ஆறு படம் உள்ள ஒரு துண்டு. முதல் அஞ்சும் குட்டிபோட்ட ஆடு. ஆறாவது, ரோலிலேயே கடைசி, முப்பத்தாறாவது பிரேம், என் வீட்டுக்காரர் சேசுராஜ், மொட்டைமாடியில், வெள்ளைச் சட்டையில். பங்குக் கோயில் ஜூபிலி மலரில் பேரவை உறுப்பினர்கள் படம் போடுகிறார்களாம், நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு பிலோ, என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளும் வெளிச்சம் சரியில்லை வெளிச்சம் சரியில்லை என்று தட்டிக் கழித்தேன். ஆட்டுக்கு மட்டும் சரியாக இருந்தது. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, உச்சியை நோக்கி வெயில் ஏறுகிற நேரத்தில், ஒரே ஒரு பிரேம் மிச்சம் இருக்கு வந்து நில்லுங்க என்று கூப்பிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வர இருபது நிமிஷம் பண்ணினார். எனக்கு எரிச்சல். வெளிச்சம் அளக்கிற மீட்டரை ஒழுங்காகக் காட்டவில்லை. வலது தோள்பட்டையில் வெயில் கொளுத்துகிறது, முகமும் இடது நெஞ்சும் நிழலில். பார்த்தேன், தெரியும், தெரிந்தே எடுத்தேன், தொலையட்டும் என்று. அதனால் இப்போது நெகட்டிவில் தோள் தார் மாதிரி கருத்துக் கிடக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடம் வெறும் பாலிதீன் தாள் மாதிரி இருக்கிறது. அந்த வெறுமையில், இடது நெஞ்சு மேல், அவருடைய வலது கை. குறுக்கே வந்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அவ்வளவுதான் தெரியும். பிடித்திருக்கிறாரா, சும்மா வைத்திருக்கிறாரா, அது தெரியாது. அன்றைக்கு மத்தியானமே அவர் போய்விட்டார். மாரடைப்பு. நான் உள்ளே இருட்டறையில் இருக்க, வெளியே, கதவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே.

அந்தக் கை பிடித்த கையாக இருக்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டும், சேசுவே, வேறு ஒன்றும் வேண்டாம். பிடித்திருந்தால் வலி காலையிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம். காலையிலேயே வந்தது என்றால், வெயிலில் நிற்கிறவன் நெஞ்சைப் பிடிப்பதைக் கூடப் பார்க்காமல் நேரா நில்லுங்க நேரா நில்லுங்க என்று கத்தினவள் நான். கவனிக்காத பாவம். பெரிய பாவம்தான். ஆனால் எந்தப் பெண்டாட்டியும் செய்யக்கூடியது, சாமியாரிடம் சொன்னால் மூன்று அருள் நிறைந்த மரியாயே சொல்லச் சொல்லுவார், சுமந்துவிடுவேன். மத்தியானத்தைத்தான் சுமக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, ஒரு அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்மா, என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே சங்கடமாகிக் கீழே பார்த்தான். அரை மணி. அந்த வார்த்தையை அவன் எங்கிருந்து எடுத்தான்? பெங்களூரிலிருந்து மகன் பிராங்க்ளின் போனில், கடையில குடுத்து ஸ்கேன் பண்ணிப் பாருங்கம்மா, இதுக்குப் போயி என்லார்ஜர் வாங்கணுமா, என்கிறான். பண்ணினேனே. கடைக்காரன் ஏதேதோ அழுத்தினான், முகம் மைதாமாவு பிசைந்தமாதிரி வந்தது, கை ஒரு சாம்பல் திட்டு. இன்னும் தெளிவா வேணும்னா ஏதாச்சும் போட்டு நிரப்பிடலாம்மா, என்றான். நிரப்பறியா? என் புருஷன் கையை நீ நிரப்பறியா? அதட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நிரப்பின கை எனக்கு எதுக்கு. அன்றைக்கு அந்த மனுஷன் என்ன செய்தாரோ அந்தக் கை வேண்டும்.

என்னுடைய பழைய என்லார்ஜர் இருந்திருந்தால் இந்தப் பெரம்பூருக்கு ஏன் வருகிறேன். ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு, தெருவில் போன பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். நாத்தனார் லூர்துமேரி, பைத்தியமா உனக்கு, அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்ததுடி, என்று வாசலில் நின்று அழுதாள். அவள் அழுததைவிட அவள் பேசினதுதான் எனக்கு ஆகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். எங்கண்ணன் பாருங்க, நெஞ்சு வலிக்கும்போதும் பொண்டாட்டி பிலிம் கெட்டுறக்கூடாதுன்னு கதவத் தொறக்காம வெளியவே உக்காந்து உசிர விட்டுருக்காரு, எந்தப் புருஷன் இருப்பான் இப்படி? வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ள வேலையா இருந்திருக்க, உனக்கு எப்படிம்மா தெரியும். சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். உள்ளே வேலையாக இருந்த மனைவி. வெளியே காத்திருந்த கணவன். கோயிலில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். நான் நிமிராமல் முன் பெஞ்சின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆணி ஒன்று பெயர்ந்து நின்றது. அதைச் சொல்லாதீங்க சாமி, நிறுத்துங்க, என்று எழுந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பொய்யை நான் சொல்லவில்லை, அவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள், நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். சும்மா இருப்பதில் நான் கெட்டிக்காரி.

ரெண்டு என்லார்ஜரையும் ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிவைத்துவிட்டு, வாங்க மேடம், உள்ளே போவோம், என்கிறார் குலோத்துங்கன். இவர் இருட்டறை சமையலறையை ஒட்டினாற்போல் இருக்கிறது, முன்னால் சாமான் அறையாக இருந்திருக்கும், மூலையில் இன்னும் ஒரு தேங்காய்த் துருவி இருக்கிறது. இவர் கதவுக்கு மேலேயும் சிவப்பு பல்பு. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அதை என் வீட்டுக்காரர்தான் மாட்டினார். மாட்டுவதற்கு முந்தின நாள், நான் பதினாறுக்கு இருபது பேப்பரில் ஒரு பெரிய பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்க, டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். வெளிச்சம் பட்டு, பேப்பர் போச்சு. ஒரு பேப்பர். அதற்கு நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ரோஸக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அறிவிருக்கா உங்களுக்கு, தபாலைப் பிரிச்சுப் போடற மாதிரியா இது, கதவு சாத்தியிருந்தா சாத்தியிருக்குன்னு அர்த்தம் தெரியாதா, என்றெல்லாம் பேசினேன். முப்பத்தி நாலு வருஷம் ஆர்.எம்.எஸ்ஸில் ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு தபால் பிரித்த மனுஷன். ஒரு கடிதத்தைத் தவறான பையில் போட்டது கிடையாது. டீயை வெளியே வைத்து மூடிவிட்டுப் போனார். மறுநாள் கடைக்குப் போய் பல்பும் ஹோல்டரும் ஒயரும் வாங்கிவந்து, ஸ்டூலில் ஏறி மாட்டி, எனக்கு உள்ளே சுவிட்ச் வைத்துக் கொடுத்து, இனிமே நீ இதைப் போட்டா ராசாவே வந்தாலும் தொறக்கமாட்டான், என்றார். பத்து வருஷம் திறக்கவில்லை. பால்காரன் வந்தாலும், பிராங்க்ளினுக்கு வேலை கிடைத்தது என்று போன் வந்தபோதும், வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, சிவப்பு அணைகிறவரைக்கும் காத்திருந்துதான் சொன்னார். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை எப்படி வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ. பாத்து வாங்க மேடம், படி இருக்கு, என்கிறார் இவர். வந்துட்டேன் சார்.

கதவைச் சாத்தினார். வெளிப் பல்புக்கான சுவிட்சைத் தட்டின சத்தம் கேட்டது. உள்ளேயும் சிவப்பு வெளிச்சம். தட்டுகளில் மருந்து ஊற்றி வைத்திருக்கிறார், படம் மேலே கறுக்காமல் நிறுத்துகிற பிக்ஸரின் அந்தப் புளித்த வாடை நேரே மண்டையில் ஏறுகிறது, ரெண்டு வருஷம் கழித்து, ஏதோ சொந்தக்காரர் வாசனை மாதிரி. மொதல்ல கலர் ஹெட்டுல போட்டுப் பாப்போம், என்று நெகட்டிவை வாங்கிப் பொருத்தினார். கீழே பலகையில் விழுந்தது என் வீட்டு மொட்டைமாடி, தலைகீழ் வெளிச்சத்தில், கருப்பு வானமும் வெள்ளைத் தலைமுடியுமாக. உண்மையில் அவருக்கு டை அடித்த கருப்பு முடி. யாரு மேடம் இது? வீட்டுக்காரர். ஓ. அந்த ஓ-வில் எல்லாம் புரிந்துகொண்டார். மெஜந்தாவைக் கடைசிவரைக்கும் திருகி, பன்னிரண்டு செகண்ட் காட்டி, பேப்பரை மருந்தில் விட்டார். வந்தது. அழகாக வந்தது, குறை சொல்லக்கூடாது, தோளில்கூடச் சட்டை மடிப்பு தெரிந்தது, முகம் மூட்டமாக, ஒரு மழைநாளில் எடுத்தமாதிரி, பிரியமாக. கை மட்டும் சாம்பல் திட்டு. நல்லா இருக்கே மேடம், ஒரு சாந்தம் இருக்கு, வெயில் படம்னே தெரியல, என்கிறார் குலோத்துங்கன். இருக்கிறது. இதையே வாங்கிக்கொண்டு போய்விடலாம். இதில் எத்தனை தடவை போட்டாலும் இந்தக் கை இப்படித்தான் இருக்கும். பிடித்த கை என்று ஒரு நாள் நினைத்துக்கொள்ளலாம், இன்னொரு நாள் அழலாம், அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள். இன்னும் கறாரா வராதா சார், என்று என் வாய் கேட்கிறது. இதுல இவ்வளவுதான் மேடம், மெஜந்தா புல்லா குடுத்தாச்சு. அஞ்சாம் நம்பர் அழுத்தம் வேணும்னா கண்டென்சர்லதான், ஆனா தூசி கீசி எல்லாம் காட்டிக் குடுத்துரும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது. காட்டட்டும் சார். அதுலயும் போடுங்க.

கண்டென்சரின் இழுப்பறைக்குள் அஞ்சாம் நம்பர் பில்டரைச் செருகுகிறார். ஆழ்ந்த மெஜந்தா, கல்யாணப் பட்டு நிறம். புதுப் பேப்பர். போடவா? போடுங்க. இருபத்தி ரெண்டு செகண்ட். டைமர் டக் டக்கென்று அடிக்கிறது, நான் எண்ணுகிறேன், எண்ணினால் மற்றது வராது என்று. ஒண்ணு, ரெண்டு, மூணு. வருகிறது. எண்ணினாலும் வருகிறது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு, சுரைக்காய்க் கூட்டும் கருவாட்டுக் குழம்பும். ரோஸக்கா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். என் வீட்டுக்காரர் அவளிடம் சிரித்துக்கொண்டே, இன்னைக்குத்தான் அக்கா என்னை ஒரு போட்டோ எடுத்தா, முப்பது வருஷம் ஆச்சு, ஆட்டுக்குட்டியாப் பொறந்திருந்தா தினம் எடுத்திருப்பா, என்றார். விளையாட்டுப் பேச்சு. ரோஸக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உண்மையாக இருந்ததால் ஏறியது. பாதிச் சோற்றில் எழுந்து, கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பல்பைப் போட்டுச் சாத்திக்கொண்டேன். ஒன்பது, பத்து. பிலிமைச் சுற்றி, டேங்கில் போட்டு, மருந்து ஊற்றி, கழுவி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டபோது மணி ரெண்டே கால். வேலை முடிந்தது. முடிந்துவிட்டது. டியூப்லைட்டைப் போட்டேன். வெளியே சிவப்பை அணைக்கவில்லை. கதவிடுக்கில் கருப்புத் துணி அடைத்திருக்கும், உள்ளே விளக்கு எரிவது வெளியே ஒரு பொட்டுக்கூடத் தெரியாது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, டப்பாவில் இருந்த கடலை மிட்டாயைத் தின்றுகொண்டு, பழைய வாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். கோழி வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை. அவர் வந்து கெஞ்சட்டும் என்று இருந்தேன். வருவார், எப்போதும் வருவார். ரெண்டரைக்கு வந்தார். விரல் முட்டியால் ரெண்டே தட்டு, மெதுவாக. பிலோ, நேரமாகுமா? பதினேழு, பதினெட்டு. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நிற்கட்டும். இப்பத்தான் டேங்க்ல போட்டிருக்கேன், அரை மணி ஆகும், என்றேன். கடலை மிட்டாய் வாயில் இருந்தது, குரல் குழறி வரக்கூடாதே என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னேன். சரி சரி, தொறந்துராத, பிலிம் போயிரும், நீ முடிச்சிட்டு வா, என்றார். ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம். ஒரு இருமல். நல்லா உக்காருங்க, என்று மனதுக்குள் சொன்னேன். நல்லா உக்காருங்க. இருபத்தி ரெண்டு. டக்கென்று விளக்கு அணைந்தது.

நீங்களே போடுங்க மேடம், உங்க கை, என்று தட்டைக் காட்டி ஒதுங்குகிறார். பேப்பரை நழுவவிட்டேன். தட்டின் ஒரு மூலையைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி. வெள்ளை. வெறும் வெள்ளை. பிறகு கைப்பிடிச் சுவரின் நிழல், துணிக்கொடிக் கம்பி, அவர் தலைமுடி. மாதாவே, பிடித்த கையாக இருக்கட்டும். விரல் மடங்கி, சட்டை கசங்கி, முகம் வலியில் சுருங்கி இருக்கட்டும். எப்பேர்ப்பட்ட பொம்பளை நான், புருஷனுக்கு வலி இருக்கட்டும் என்று கேட்கிறேன். இருக்கட்டும். மூக்கு வந்தது. வாய் வந்தது. தூசிகூட வந்தது, நெற்றிமேல் ஒரு வெள்ளை நூல். நெஞ்சுமேல் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன, சாம்பல் திட்டாக இருந்ததெல்லாம் விரலாக, நகமாக. விரல்களுக்கு நடுவில் ஒரு கருப்புக் கோடு. வளைந்த கோடு. கீறலா? குனிந்தேன். கீறல் இல்லை. கண்ணாடிக் காம்பு. அவருடைய மூக்குக் கண்ணாடி, அந்தக் கட்டைக் கருப்புப் பிரேம். மடக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைக் கழட்டுங்க, வெளிச்சம் அடிக்குது. நான்தான் சொன்னேன். எல்லோரிடமும் சொல்கிறதை அவரிடமும் சொன்னேன், சொன்னதே ஞாபகமில்லாமல். கழற்றி, பைக்குள் முழுசாகப் போவதற்குள் அழுத்திவிட்டிருக்கிறேன். கை பிடிக்கவில்லை. எதையும் பிடிக்கவில்லை. சட்டை கசங்கவில்லை, இருபது நிமிஷம் இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் வலி இல்லை. கண்ணாடி இல்லாமல் எதிரே இருக்கிறது சரியாகத் தெரியாமல், நான் இருக்கிற பக்கமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். காலை பத்து மணிக்கு உங்களுக்கு ஒன்றுமே இல்லை. நன்றாக இருந்திருக்கிறீர்கள். ஐயோ, நன்றாக இருந்திருக்கிறீர்களே. அப்படியானால் ரெண்டரைக்குத்தான். அந்த ரெண்டு தட்டுதான். வலி வந்து, என்னிடம்தான் வந்தீர்கள். சண்டை சமாதானத்துக்கு இல்லை.

மேடம், பிக்ஸருக்கு மாத்துங்க, கறுத்துப் போயிரும், என்று குலோத்துங்கன் சொல்லும்போதே கதவு திறந்தது. படார் என்று. பகல் வெளிச்சம் முழுசாக உள்ளே வந்து விழுந்தது, தட்டு, மருந்து, என் கை, எல்லாத்தின்மேலும். வாசலில் ஒரு அம்மா, நைட்டிமேல் துண்டு, கையில் தட்டும் ரெண்டு டம்ளர் காபியும். ஏய் செண்பகம், பல்பு எரியுதுல்ல, கண்ணு தெரியலயா உனக்கு? எரிஞ்சா எரியட்டும், ரெண்டு வாட்டி கூப்ட்டேன், காது கேக்கலயா உங்களுக்கு, வெளியூர்லேந்து வந்தவங்க காலைலேந்து வெறும் வயித்தோட நிக்கறாங்க, பெருசா பல்பு. குலோத்துங்கன் சிரித்துவிட்டார். இதே ரோதனைதான் மேடம் எனக்கு, முப்பது வருஷமா கதவத் தட்டிட்டு வந்ததே கெடையாது. சிரித்துக்கொண்டே ஒரு டம்ளரை எடுத்து ஆற்றினார். போனா போகுது, ஒரு பேப்பர்தானே, வேற போட்டுக்கலாம். ஒரு பேப்பர்தானே. அதை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தட்டில் அவர் கறுத்துக்கொண்டிருந்தார். முதலில் வானம், பிறகு சட்டை, பிறகு சிரிப்பு. விரல்கள் கொஞ்சநேரம் தாங்கின. கண்ணாடிக் காம்பு எது, விரல் எது என்று தெரியாமல் போய், முழுப் பேப்பரும் ஒரே கருப்பாக மருந்துக்குள் ஆடியது. நான் இன்னும் தட்டின் மூலையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொண்ணு போட்டுருவோம் மேடம், அதே செட்டிங்தான். வேண்டாம் சார், பாத்துட்டேன். அப்ப எதைக் கட்டட்டும்? அந்தக் கண்டென்சரையே கட்டுங்க, என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. செண்பகம் என் பக்கத்தில் வந்து, என்னக்கா, இன்னும் தட்டை ஆட்டிக்கிட்டே நிக்கறீங்க, சர்க்கரை கொறைஞ்சிருச்சா, ஒக்காருங்க மொதல்ல, என்று மூலையில் இருந்த ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப் போட்டாள். அந்தச் சத்தம். பிளாஸ்டிக் கால் தரையில் இழுபடுகிற சத்தம். உட்கார முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஈரக் கையோடு, மருந்து வாடையோடு, முன்னேபின்னே தெரியாத ஒரு பொம்பளை கையை. ரெண்டு வருஷமாக லூர்துமேரியிடம் சொல்லாததை, சாமியாரிடம் சொல்லாததை, என் பிள்ளையிடம் சொல்லாததை, அவளிடம் சொன்னேன். உள்ள ஒரு வேலையும் இல்லம்மா. பிலிம் காயப்போட்டாச்சு. லைட்டப் போட்டுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருந்தேன். அவரு கூப்பிட்டாரு, நான் தொறக்கல. செண்பகம் புருஷனைப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார், ரெண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. கதவு திறந்தே கிடந்தது, மேலே சிவப்பு பல்பு பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவள் என் கையை விடாமல், இன்னொரு கையால் டம்ளரை எடுத்து நீட்டினாள். குடிங்கக்கா, என்றாள், ஆடை படியுது பாருங்க.